தட்டிக்குப் பின்னால் நின்ற தளபதி

எனக்குக் கோவையாக எழுத வராது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றில் போய் நின்றுவிடுவேன். பாதி மறந்தும் போய்விட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கல்யாணமாகி நன்னிலத்துக்குப் பக்கத்து ஊருக்கு வந்தபோது கழக ஆட்சி வந்திருந்த சமயம். ஊரில் யாரும் சாதாரணமாகப் பேசமாட்டார்கள், எல்லாம் அடுக்குமொழிதான். சைக்கிள் கடைக்காரர்கூடப் பங்சர் ஒட்டும்போது, “பழுதுற்ற சக்கரமே, பாதையில் என்னைப் பழிவாங்காதே” என்பார். அந்தச் சூட்டில் இளவட்டங்கள் சேர்ந்து ஒரு ராஜா ராணி நாடகம் போடுவதென்று கிளம்பினார்கள். போரில் தோளில் வேல் பாய்ந்த தளபதி ஒருவன் எதிரி அரசனின் நந்தவனத்தில் வந்து விழுகிறான். அப்பனால் கன்னிமாடத்தில் காவல் போட்டு வைக்கப்பட்ட இளவரசி அவனுக்கு மருந்து கட்டி மனசையும் கொடுத்துவிடுகிறாள். இதுதான் கதை.

தளபதி வேஷம் என் வீட்டுக்காரருடைய சிநேகிதருக்கு. இளவரசி வேஷம் என் வீட்டுக்காரருக்கு. ஒல்லி உடம்பு, நல்ல குரல், அதனால் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றபோது என் மாமியார் அடுப்படியிலிருந்தே கத்தினார்.

“ஏண்டா, புதுசா ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டு வந்துட்டு மீசையை வழிச்சுக்கிட்டு நிக்கிறியே, அது மூஞ்சியில எப்படிடா முழிப்பே?”

அத்தை எனக்காகப் பரிந்து பேசினார். ஆனால் அந்த மீசையை நான் நேராகப் பார்த்ததே கிடையாது. அவர் முகம் எனக்குப் பக்கவாட்டில்தான் தெரியும். வீடு நிறைய ஆட்கள். எங்களுக்குள் பேச்சு என்று ஒன்றுமில்லை. நான் சொல்ல வேண்டியதை அத்தையிடம் சொல்வேன்: “அவங்களைச் சாப்பிட வரச் சொல்லுங்க அத்தை.” அவர் சொல்ல வேண்டியதைப் பசுமாட்டிடம் சொல்வார்: “என்ன லெச்சுமி, இன்னிக்குக் குழம்புல உப்பே இல்லையாமே?” மாடும் நானும் ஒருசேரத் தலையைக் குனிந்துகொள்வோம். எத்தனை காலத்துக்கு இப்படி மாட்டை நடுவில் வைத்துக் குடித்தனம் செய்வது என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் சத்தம் வராது. என் சுபாவம் அப்படி.

ஒத்திகை முதலில் பள்ளிக்கூடத்தில்தான் நடந்தது. பிறகு நிலத் தகராறு முற்றிப் பள்ளிக்கூடத்தில் போலீஸ்காரர்கள் வந்து தங்கிவிட்டதால் எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு மாறியது. நடுவில் ஒரு கீற்றுத் தட்டிதான் மறைப்பு. தட்டிக்கு இந்தப் பக்கம் நான் அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேட்டுக் கேட்டு எல்லார் வசனமும் எனக்குப் பாடமாகிவிட்டது.

நாடக வாத்தியாருக்கு என் வீட்டுக்காரர் நடைதான் பிடிக்கவில்லை. “கன்னிமாடத்துப் பொண்ணாய்யா நீ? நாத்துமுடியைத் தூக்கிக்கிட்டு வரப்புல ஓடுறவன் மாதிரில்ல வர்றே! வீட்டுல பொம்பளைங்க நடக்கிறதைப் பாத்துக் கத்துக்க.”

மறுநாளிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு நான் வாய்க்காலுக்குப் போகும்போதெல்லாம் முதுகு குறுகுறுத்தது. நாலைந்து நாளில் தட்டி ஓட்டை வழியாகப் பார்க்கிறேன், இளவரசி கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, முந்தானையை இடது கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அது நான்! வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்புறம் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

நிலத் தகராறு என்றேனே, அது எங்கள் தகராறுதான். மாமனார் காலத்திலிருந்து நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்த நிலத்தை, அது தன் சொந்தப் பண்ணை, நாங்கள் வெறும் கூலி ஆட்கள் என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். விளைந்து நின்ற பயிரை அறுக்க வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். தடுக்கப்போன இடத்தில் கைகலப்பு. தளபதி வேஷக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. என் வீட்டுக்காரருக்கு இடது முன்கையில் தடியடி. வைத்தியர் வந்து உளுந்து மாவை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். வெளியூர் ஆட்கள் அன்று பாதியில் திரும்பிப் போனார்கள். ஆனால் ஆள் சேர்த்துக்கொண்டு மறுபடி வருவார்கள் என்று பேச்சு.

கையைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போக முடியாமல் அவர் கொட்டகையில் கிடந்தார். ஒரு மத்தியானம் அத்தை குளிக்கப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் மாட்டிடம் சொன்னார்: “தளபதி லாக்கப்புல இருக்காரு. எதிர்வசனம் சொல்ல ஆளில்லாம இளவரசிக்கு எல்லாம் மறந்துபோயிடும் போல இருக்கு லெச்சுமி.”

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்டிக்குப் பின்னாலிருந்தே மெதுவாகச் சொன்னேன்:

“தேவி! என் தோளைத் துளைத்த வேல் வலிக்கவில்லை. உன் விழியில் துளிர்த்த நீர்தான் வலிக்கிறது.”

மாடுகூட அசைபோடுவதை நிறுத்தியது போல இருந்தது. பிறகு இளவரசி குரல் நடுங்கிக்கொண்டே வந்தது: “வீரரே! காவலர் கண்ணுக்கு நான் சிறைப்பட்டவள். உம் கண்ணுக்கு மட்டும் நான் விடுதலை பெற்றவள்.”

அன்றிலிருந்து அத்தை குளிக்கப் போனால் நான் தளபதி, அவர் இளவரசி. அடிபட்டுக் கிடப்பதோ இளவரசி, வீட்டோடு அடைந்து கிடப்பதோ தளபதி! சொந்த வார்த்தை ஒன்று பேசவில்லை. “பருகுவதற்கு நீர் கிட்டுமா தேவி?” என்று ஒருநாள் வேஷத்தை மாற்றி அவர் கேட்டார். தட்டிக்கு மேலாகச் செம்பை நீட்டினேன். அவ்வளவுதான் எங்கள் சல்லாபம்.

அப்புறம் அந்தச் செய்தி வந்தது. மறுநாள் காலையில் அறுப்பு ஆட்கள் வரப்போகிறார்கள், கூட அடியாட்களும். இவர் கைக்கட்டோடு வரப்பில் போய் நிற்கப்போகிறாராம். வைத்தியர் எலும்பு இன்னும் கூடவில்லை என்று சொல்லியிருந்தார். அத்தை அழுதும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் கடைசிக் காட்சி வசனம். தளபதி போர்க்களம் திரும்புகிற இடம். “கடமை அழைக்கிறது, கண்ணீரால் என்னைக் கட்டாதே” என்று நான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அது வரவில்லை.

“போவாதீங்க” என்றேன்.

அவர், “அது என் வசனமாச்சே” என்றார்.

“வசனமில்ல. நாந்தான் சொல்றேன். நாளைக்குப் போவாதீங்க.”

தட்டி விலகியது. அவர் எதிரில் நின்றார். அப்போதுதான் அந்த முகத்தை நேராகப் பார்த்தேன். மீசை மறுபடி முளைக்க ஆரம்பித்திருந்தது.

“போகாம இருந்தா பயிரு போயிடும். போனாப் பயிருக்கு ஒரு வழி பொறக்கும். கையை ஓங்கமாட்டேன், சும்மா நிப்பேன். நீ சோத்தை வடிச்சு வை, வந்துடுறேன்” என்றார்.

“சத்தியமா?”

“லெச்சுமி மேல சத்தியமா.”

“மாட்டு மேல வேணாம்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். என் கையைப் பிடித்து, “சரி, உன் மேல” என்றார்.

மறுநாள் உச்சிப்பொழுது தாண்டியும் ஆளைக் காணோம். சோறு ஆறிப்போனது. பிறகு முழங்கால் வரை சேறோடு வந்தார். தாசில்தார் வந்துவிட்டாராம். பயிரை நாங்களே அறுப்பது, நெல்லைப் பொதுக் களத்தில் போட்டு வைப்பது, வழக்கு முடிந்த பிறகு பங்கு என்று ஏற்பாடு. வழக்கு பல வருஷம் இழுத்தது, அது வேறு கதை. வாசலில் நின்றபடியே, “இந்தா, கால் கழுவத் தண்ணி கொண்டா” என்று நேராக என்னைப் பார்த்துச் சொன்னார். “வந்துட்டேங்க” என்றேன். அத்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சிநேகிதரை விட்டதும் நாடகம் நடந்தது. கூட்டத்தில் உட்கார்ந்து தளபதி வசனத்தை நானும் முணுமுணுத்தேன் போலிருக்கிறது. அத்தை இடுப்பில் குத்தினார்: “ஏண்டி, மேடையில அவன் பேசறதுக்கு முன்னாடி நீ பேசுற?”

அது குறுவை அறுப்பா சம்பா அறுப்பா என்று எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது. வந்தவர் தாசில்தார்தானா, அவருக்குக் கீழே உள்ளவரா என்றும் நிச்சயமில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால் அவருக்கு இளவரசி வசனம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. தளபதி வேஷம் போட்டவர் சீர்காழியில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அவரோ, அந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் வேறு யாரோ இதைப் படிக்க நேர்ந்தால், நான் எழுதியதில் பிசகு இருக்கிறதா என்று பார்த்துத் திருத்திச் சொல்லுங்கள்.