முந்திரிக்கொட்டையின் கொடி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தவர் சுவரில் இருக்கும் எழுத்துகளைக் கண்ணைச் சுருக்கி வாசிக்க ஆரம்பித்தால், அடுத்த எழுத்தை இவரே சொல்லிவிடுவார். "அத நான்தானேங்க சொல்லணும்?" என்று வந்தவர் சிரிப்பார். பாதிப் பேர் மாட்டிக்கொண்டு திரிவது இவருடைய பார்வைக்கு ஏற்ற கண்ணாடி என்று ஒரு கேலிப் பேச்சும் உண்டு.

விடுமுறை நாட்களில் அவருக்கு வேறு வேலை. கால்பந்து மைதானத்தின் கோட்டோரம் கொடியோடு ஓடும் துணை நடுவர் அவர். பந்து உதைபடும் கணத்தில் முன்னால் நிற்பவன் எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டியிருந்தால் ஆஃப்சைடு; கொடி மேலே போக வேண்டும். மற்ற இடங்களில் வசவு வாங்கிக் கொடுத்த அவசரம் அங்கே மட்டும் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. மின்னல் கை என்றார்கள். மனிதர் பூரித்துப் போனார்.

அப்புறம் வீடியோ வந்தது. மைதானத்தைச் சுற்றிக் கேமராக்கள், எங்கோ ஒரு அறையில் திரைகளுக்கு முன்னால் சிலர், அவர்கள் திரையில் இழுக்கும் கோடுகள். அதோடு ஒரு புது விதியும் வந்தது. ஆஃப்சைடு மாதிரி தெரிந்தாலும் உடனே கொடியைத் தூக்கக் கூடாது. ஆட்டத்தை ஓடவிட்டு, கோல் விழுந்த பிறகோ பந்து வெளியே போன பிறகோதான் தூக்க வேண்டும். தவறு என்றால் வீடியோ திருத்திவிடும். ஆனால் கொடியைப் பார்த்து நடுவர் விசில் ஊதி ஆட்டம் நின்றுவிட்டால், விழாத கோலை எந்த வீடியோவாலும் கொண்டுவர முடியாது.

நம்மாளுக்குப் புத்தியில் ஏறியது, கையில் ஏறவில்லை. ஒரு ஆட்டத்தில் வழக்கம்போலக் கொடி பறந்தது. நடுவர் விசில் ஊதினார், எல்லோரும் நின்றார்கள். ஆஃப்சைடே இல்லை என்று பிறகு வீடியோ காட்டியது. தனியாகப் பந்தோடு ஓடிய பையன் மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதான். அவன் அணி தோற்றது. அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நடுவர் குழுத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். "இன்னொரு தடவ இப்படி நடந்தா, பெரிய ஆட்டத்துக்கு உங்கள..."

"கூப்பிட மாட்டீங்க. தெரியும் சார்."

"இத மட்டுமாவது என்னை முடிக்க விட்டிருக்கலாம்" என்றார் தலைவர், தலையில் கை வைத்துக்கொண்டு.

கொடி இல்லாமல் தனக்கு விடுமுறை நாள் என்று ஒன்று இருப்பதையே அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார். அவளுக்கு ஆஸ்பத்திரியில் விசாரணை ஜன்னலில் வேலை. வார்டு எங்கே என்று கேட்க வருகிறவர்கள் குடும்பக் கதையையே சொல்லிவிட்டுப் போவார்கள். அத்தனையையும் பொறுமையாகக் கேட்பவள்.

"உங்க கைக்கு முன்னாடி வாய்க்குத்தான் வைத்தியம் பாக்கணும்" என்றாள். அவர் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தாள். "இதான் கொடி. தினம் ராத்திரி சாப்பிடும்போது நான் ஒரு கதை சொல்வேன். கதை முடியற வரைக்கும் கரண்டி மேல போகக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. திறந்தா பாத்திரம் நீங்கதான் தேய்க்கணும்."

முதலில் தினமும் அவர்தான் தேய்த்தார். ஜன்னலுக்கு வந்த கிழவர் காணாமல் போன பல்செட்டைத் தேடிய கதையில், "சட்டைப் பையில இருந்திருக்கும்!" என்று துள்ளினார். அது டாக்டருடைய பையில் இருந்தது. போகப் போக வாய் அடங்கியது. கதைகளின் முடிவு பெரும்பாலும் அவர் நினைத்தது இல்லை என்பதும் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

பெரிய ஆட்டம் வந்தது. முடியப்போகும் நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. நீண்ட பந்து ஒன்று வர, முன்வரிசைக்காரன் பாய்ந்தான். சந்தேகமே இல்லை, ஆஃப்சைடு! தோளிலிருந்து விரல்வரை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கொடியைத் தொடையோடு அழுத்திப் பிடித்தார். பந்து வலைக்குள் போனது. அப்புறம்தான் கொடியைத் தூக்கினார். கூட்டம் அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டியது.

நடுவர் காதில் மாட்டிய கருவியில் விரலை வைத்துக்கொண்டு வீடியோ அறையின் பதிலுக்குக் காத்திருந்தார். திரையில் கோடுகள் விழுந்தன. மறுகோடியில் ஒரு தடுப்பாட்டக்காரனின் கால் நுனி பின்தங்கியிருந்தது. நம்மாள் அதைக் கவனிக்கவே இல்லை. ஆஃப்சைடு இல்லை, கோல் செல்லும்.

தான் சொன்னது தப்பு என்று ஊருக்கே தெரிந்த பிறகு ஒரு மனிதன் இப்படி வாயெல்லாம் பல்லாக நின்றதை அந்த மைதானம் பார்த்ததில்லை. தப்புதான், ஆனால் யாரும் அழவில்லை! வெளியே வரும்போது தலைவர் முதுகில் தட்டினார். "அடுத்த ஆட்டத்துக்கும் வந்துருங்க." நம்மாள் இந்த முறை அவரை முழுதாகப் பேசவிட்டார்.

அன்றிரவு கரண்டியை அவரே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னிக்கு என்ன கதை?"

"நான் மைதானத்துக்கு வந்த கதை."

அது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கண்ணாடி வாங்க வந்தவளிடம், கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டிருந்தார். அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பிறகு ஒருநாள் கொட்டுகிற மழையில் மைதானத்துக்கே வந்து சம்மதம் சொன்னாள். எத்தனையோ பேரிடம் அவரே சொன்ன கதை. அவளைச் சொல்லவிட்டதே இல்லை. இன்று கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல மழை. கையில குடை இல்ல. நீங்க ஆட்டம் முடிஞ்சு ஓடி வந்தீங்க. 'எனக்கு உங்கள'ன்னு ஆரம்பிச்சேன். 'பிடிச்சிருக்கு, தெரியும்!'னு நீங்களே முடிச்சீங்க. நான் பிடிக்கலன்னு சொல்லத்தான் வந்தேன்."

கரண்டி அசையவில்லை.

"அதுக்குள்ள எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டீங்க. ஈரக் கொடிய வச்சு என் தலையத் துவட்டுனீங்க. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. சரி, பாவம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு போயிட்டேன்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மறுநாளும் அந்தத் துவட்டுனத நெனச்சுச் சிரிச்சேன். அப்புறம் சொல்லத் தோணவே இல்ல. கதை முடிஞ்சுது. இப்ப வேணா தூக்குங்க."

அவர் தூக்கவில்லை. அந்த அவசரக் கொடியைத் திருத்த அன்றைக்கு ஒரு வீடியோ இருந்திருந்தால் தன் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது, பயமும் சந்தோஷமும் சேர்ந்து கண் கலங்கிவிட்டது.

"எனக்குக் கொஞ்சம்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"தெரியும், தெரியும்" என்று அவள் தட்டில் ஒரு கரண்டி சோற்றைப் போட்டார்.

அவள் கேட்க வந்தது தண்ணீர். சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்.