ஐஸ் பெட்டியில் உறைந்த வாழை நார்

ஐஸில் உப்பைத் தூவியது நான்தான். முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா மகள் காலேஜில் வாழை மட்டையை ஏதோ ரசாயனத்தில் ஊறவைத்து, கண்ணுக்கே தெரியாத நாராகப் பிரித்திருக்கிறாள். ‘நானோ நார்’ என்கிறாள். பார்த்தால் கண்ணாடி மாதிரி கூழ்.

“கஞ்சி காய்ச்சவா ஆத்தா இத்தன வருசம் படிச்சே?” என்று கேலி செய்தேன்.

இன்று அதைத் திருச்சியில் பெரிய மைக்ராஸ்கோப்பில் பார்க்க அவளுக்கு முறை. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த முறை.

“மாமா, வெயில் படாம குளுமையா இருக்கணும்” என்றாள். கட்டுமாவடியிலிருந்து அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்கு என் மீன் வண்டியில்தான் வந்தோம். கூழ் இருந்த பாட்டிலை ஐஸில் புதைத்து, வஞ்சிரத்துக்குப் போடுவதுபோல் உப்பும் தூவினேன். உப்பு போட்டால் குளிர் கூடும்.

இறங்கிப் பார்த்தால் பாட்டில் வெள்ளைக் கல்.

“உருகினா சரியாயிரும்ல ஆத்தா?”

“ஆகாது மாமா. உறைஞ்சா நார் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.”

“குலுக்கினா?”

“இப்படி ஆயிருச்சுன்னு அங்க போய்ச் சொல்லிட்டாவது வாரேன்” என்று பஸ் ஏறிவிட்டாள். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திட்டுகிறவள், இன்று திட்டவே இல்லை.

அவளைத் திட்டவைக்க யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

அவளுடைய தயிர்சாத டப்பாவும் என் ஐஸ் பெட்டியில்தான் இருக்கிறது. அதுவும் கல்.