அத்தை வயிற்றில் கட்டிய வாத்து முட்டைகள்

வாத்து முட்டை என்றால் எனக்கு இன்றைக்கும் பயம். என் மகன் புதுக்கோட்டையிலிருந்து பல்பு எரிகிற பெட்டி ஒன்றை வாங்கி வந்து, அதில் வாத்து முட்டைகளை அடுக்கிவிட்டுக் காத்திருக்கிறான். மழை வந்தாலும் இடி இடித்தாலும் அந்தப் பெட்டிக்குக் கவலை இல்லையாம். இருக்கட்டும். நாங்கள் பொரித்தபோது நான் பட்ட பயத்தைச் சொன்னால் அவன் சிரிப்பான். அதனால் அவனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர். வயல், மாடு, வண்டி எல்லாம் இருந்த வீடு. நாலு பேர் மதிக்கிற வீடு. அந்த வீட்டுக்கு என் அப்பாவின் தங்கை, வாழப்போன திருக்கோகர்ணத்திலிருந்து ஒரு துணிமூட்டையோடு திரும்பி வந்திருந்தாள். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழிந்தும் அத்தைக்குப் பிள்ளை இல்லை. அதற்காக மாமியார் கரண்டியைக் காய்ச்சி வைத்த சூடு அவள் கையில் கறுத்துக் கிடந்தது. எனக்குத் தலை பின்னிவிடும்போது அந்தத் தழும்பைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வேன்.

அப்போது என் அம்மா வயிற்றில் பிள்ளை. எனக்குப் பிறகு உண்டான இரண்டும் தங்கவில்லை. அதனால் அம்மாவுக்கு எதைக் கண்டாலும் பயம். அத்தை ஊன்றிய பூசணி கருகிப்போனது, அத்தை கறந்த மாடு பால் வற்றிப்போனது என்று ஒவ்வொன்றாக மனதில் முடிந்து வைத்திருந்தாள்.

அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் வந்து இறங்கினார்கள். வெயிலுக்குக் கூழ் ஊற்றிய அத்தைக்கு ஆறு முட்டை கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் கோழி ஒன்று அப்போது அடைக்குப் படுத்திருந்தது. அத்தை யாரையும் கேட்காமல் முட்டைகளை அதன் அடியில் வைத்தாள். இடிச்சத்தத்தில் முட்டை கெட்டுப்போகாமல் இருக்க, கூடைக்குள் ஓர் இரும்புத் துண்டையும் அடுப்புக்கரியையும் போட்டாள். எல்லாம் முறைப்படிதான். ஆனால் எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவள் கையால்தான் அடை வைக்க வேண்டும். அம்மா பார்த்துவிட்டாள்.

"பெத்தவ நான் இருக்கையில நீ எதுக்கு கைய வச்ச? இது மட்டும் கூமுட்டையாப் போகட்டும், ஒன்னைய ஒன் மாமியா வீட்டுலயே கொண்டுபோயி விடச் சொல்றேன். இந்தக் கை என் பேறுகாலத்துக்கு இங்கிட்டு இருக்கக் கூடாது."

அப்பா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை என்றால் சம்மதம் என்று எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கூடையை எட்டிப் பார்ப்பதே வேலை. எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் வாத்து முட்டை அடை வைத்ததில்லை. கோழிக் கணக்குத்தான் தெரியும். வாத்துக்கு அதற்கு மேலும் ஒரு வாரம் வேண்டும் என்பது அம்மாவுக்கும் தெரியாது, கோழிக்கும் தெரியாது. கோழிக் கணக்கு முடிந்தது. கோழி எழுந்தது, இறகை உதறிக்கொண்டு குப்பை கிளறப் போய்விட்டது. பிடித்து வந்து பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடினாலும் முட்டைமேல் உட்காரவில்லை.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்றாள் அம்மா.

"நெல்லு ஏத்திக்கிட்டுப் போறப்ப அதையும் கூட்டிட்டுப் போயி விட்டுடுறேன்" என்றார் அப்பா. மூட்டையோடு ஒரு மூட்டையாக.

முட்டைகளைக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு வரும்படி அம்மா என்னிடம் கொடுத்தாள். பாவாடையில் ஏந்திக்கொண்டு போனேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அத்தை ஒரு சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள். வாத்துக்காரர் சொல்லிவிட்டுப்போன கணக்கு அவளுக்கு மட்டும் தெரியும். சொன்னால் யார் கேட்பது? முட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டாள். மூன்று அப்படியே கிடந்தன. மற்ற மூன்றும், காற்றே இல்லாத இடத்தில், தாமாகத் தலையை ஆட்டின. பேயைக் கண்டதுபோல நான் பின்னால் நகர்ந்தேன்.

அசையாததைக் குழியில் போட்டாள். அசைந்ததைத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, சேலைக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"யாருட்டயும் மூச்சு விட்டுராத ஆத்தா. ஒங்கத்தை இங்க இருக்கணும்ல?"

கெட்டுப்போன கூமுட்டை வெடிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அத்தையின் வயிறும் சேர்ந்து வெடித்துவிடும் என்று நினைத்தேன். அவளைவிட்டு நகராமல் திரிந்தேன். அவள் படுக்கவே மாட்டாள். சுவரில் சாய்ந்தபடியே தூங்குவாள். துணியை அவிழ்த்து முட்டையைப் புரட்டி, விரல் நுனியால் தண்ணீர் தெளித்து, மறுபடி கட்டிக்கொள்வாள். அவள் உதடு எதையோ முணுமுணுக்கும்.

ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பொம்பளைகள் பார்த்துவிட்டார்கள்.

"ஏத்தா, வயிறு மேடு தட்டுதே? முழுகாம இருக்கியா?"

"மாமியாக்காரி சூடு வச்சதுல உள்ள தூங்குன பிள்ளை முழிச்சுக்கிருச்சு போல" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

அத்தை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். யாராவது வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். "வா அத்தை, போவோம்" என்று சேலையைப் பிடித்து இழுத்தேன். அவளுக்கோ அவசரமே இல்லை. குடத்தை இடுப்பில் வைத்து, ஒரு கையை வயிற்றில் வைத்து, மெதுவாக நடந்து வந்தாள்.

மறுநாள் நெல் வண்டி கிளம்புவதாக இருந்தது. மூட்டைகளைத் தைத்து அடுக்கிவிட்டார்கள். அன்று மத்தியானம் வானம் கறுத்துக் கோடை இடி இடித்தது. வீடே அதிர்ந்தது. அத்தை உள்வீட்டு மூலைக்கு ஓடினாள். அங்கே இரும்பென்று அரிவாள்தான் கிடந்தது. அதை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு குறுகி உட்கார்ந்தாள். என்னைத் தேடி வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அடிப் பாவி, என்னடி செய்யப் போற!"

அரிவாளைப் பிடுங்க அம்மா பாய்ந்தாள். அத்தை விடவில்லை. "வேணாம் அண்ணி, என்னையத் தொடாதீங்க, நசுங்கிப்போயிரும்" என்று கத்தினாள். நான் சுவரோரம் ஒண்டிக்கொண்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரியும் அரிவாளுமாக இழுபறி. இடி ஒரு நொடி ஓய்ந்தது.

அந்த நொடியில் அத்தையின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கீச் என்று, மெல்லிசாக.

அம்மாவின் கை அரிவாளைவிட்டுத் தானாகத் தன் வயிற்றுக்குப் போனது. சுவரைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள். மறுபடியும் கீச். அத்தை துணியை அவிழ்த்தாள். ஒரு முட்டையில் சின்னதாக விரிசல்; அதற்குள்ளிருந்து ஓர் அலகு முனை தட்டிக்கொண்டிருந்தது.

"பதறாத, மெதுவா" என்றாள் அம்மா. அவள் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை.

விளக்கு வைப்பதற்குள் மூன்றும் வெளியே வந்துவிட்டன. ஈரமாய், அசிங்கமாய், பிறகு காயக் காய மஞ்சள் பஞ்சாய். கோழி வந்து பார்த்துவிட்டு நமக்கென்ன என்று போய்விட்டது. குஞ்சுகள் அத்தையின் காலையே சுற்றின. அம்மா அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "பேறுகாலத்துக்கு நீதான் பக்கத்துல இருக்கணும்" என்றாள். அப்பா அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் வண்டியில் நெல் மட்டும் போனது.

என் பயமெல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். அன்று ஊருணிக்குக் கிளம்புகிற நேரம் அத்தையைத் தேடிக்கொண்டு உள்வீட்டுக்குப் போனால், அவள் அந்த வேட்டித் துணியை மடித்து மடித்து, வெறும் துணியை வயிற்றில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் முட்டை இருக்கா அத்தை?"

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு, ஒரு கையை வயிற்றில் வைத்தபடி போனாள். குஞ்சுகள் வாசல்வரை ஓடிவிட்டுத் திரும்பின. அவள் வருவதற்குள் உமிப்பானை, பஞ்சாரத்தின் அடி, அவளுடைய துணிமூட்டை என்று எல்லா இடத்திலும் தேடிப் பார்த்தேன். ஒரு முட்டைகூட இல்லை. எனக்குக் காட்டாமல் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று கோபித்துக்கொண்டு, அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.