பூமியைக் காப்பாற்றிய பொத்தான்கள்

புதுச் சட்டை பின்கழுத்தில் குத்துகிறதென்று முதல் வேலையாக ஒரு துண்டைக் கத்தரித்து எறிகிறீர்களே, அதைச் செய்து விற்பதுதான் எங்கள் தொழில். லேபிள், சட்டையில் தொங்கும் அட்டை, அட்டையைக் கட்டும் கயிறு, பொத்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘டிரிம்ஸ்’ என்று பெயர். மறைமலைநகரில், கார் பாகம் செய்யும் பெரிய கம்பெனிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்த ஒரு ஷெட்டில் நான் மார்க்கெட்டிங் பார்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வெளிநாட்டு ஆடைக் கம்பெனிகளுக்குத் திடீரென்று பூமியின் மேல் பாசம் பொங்கியது. எங்கள் பெரிய வாடிக்கையாளருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பொங்கியது. அவர்களுடைய சென்னை ஆபீஸுக்குத் தலைவி ரோகிணி மேடம். ‘சரிங்க மேடம்’ சொல்லியே தொண்டை வறண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கஷ்டம் அவர்களுக்காவது புரியும்.

இயற்கை நிறம்

முதலில் பிளாஸ்டிக் பொத்தான் ஒழிந்து கொட்டாங்கச்சிப் பொத்தான் வந்தது. கொட்டாங்கச்சியில் ஒன்று காபி நிறம், ஒன்று கறுப்பு, ஒன்றில் வெள்ளைக் கீற்று. மேடம் மாதிரிச் சட்டையை மேசையில் விரித்து, “ஒரு பட்டன் மாதிரி இன்னொண்ணு இல்லையே” என்றார். தேங்காய் அப்படித்தான் காய்க்கிறது என்றேன். காய்ப்பது எப்படியோ, தைப்பது ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்றார்.

எங்கள் முதலாளி சளைக்கவில்லை. அத்தனையையும் பழுப்புச் சாயத்தில் முக்கி, பாலீஷ் போட்டு அனுப்பினார். பிளாஸ்டிக்கோ என்று எனக்கே சந்தேகம் வந்து ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். மேடம் விரலில் வைத்து உருட்டிவிட்டு வருத்தத்தோடு சொன்னார்: “நேச்சுரலா தெரியலையே. கொஞ்சம் நேச்சுரலா தெரியற மாதிரி பெயிண்ட் அடிச்சுத் தர முடியுமா?”

வலைக் கயிறு

அடுத்து, அட்டை கட்டும் கயிறு பழைய மீன் வலையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். பேக்கிங் சூப்பர்வைசர் வரதனும் நானும் கடப்பாக்கம் போய், ஏழுமலை என்ற மீனவரிடம் கிழிந்த வலை வாங்கி வந்தோம். சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, அலசி, வெயிலில் காயப்போட்டு, பிரித்துக் கயிறாக்கி அனுப்பினோம். மேடத்தின் ஏசி அறையில் கவரைப் பிரித்ததும், அந்த மாடி முழுக்க யார் டிபன் பாக்ஸில் கருவாடு என்று தேடினார்களாம். சாம்பிள் அன்றைக்கே திரும்பி வந்தது.

நான் மறுபடி கடப்பாக்கம் போனேன். நாற்றமில்லாத பழைய வலை கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஏழுமலை வலை முடிந்துகொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்: “வலைன்னா மீன் நாத்தம் அடிக்கத்தாம்மா செய்யும். மல்லிப்பூ வாசனை வோணும்னா பூக்காரியாண்ட நாரு வாங்கிக்கினு போ!”

எந்த டிபார்ட்மென்ட்?

‘இதில் பிளாஸ்டிக் துளியும் இல்லை’ என்று அச்சடித்த அட்டை ஒன்று செய்தோம். கூடவே பேக்கிங் விதிகள் வந்தன. ஒவ்வோர் அட்டையையும் தனித்தனிப் பிளாஸ்டிக் கவரில் போட வேண்டுமாம். ஏதோ தவறு நடந்திருக்கிறதென்று அவர்கள் ஆபீஸுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நிதானமாகச் சொன்னார்: “அட்டையில இருக்கறது சுற்றுச்சூழல் டிபார்ட்மென்ட் சொல்றதுங்க. நான் பேக்கிங் டிபார்ட்மென்ட்.”

துளசி அட்டை

கடைசியாக விதை அட்டை. காகிதக் கூழில் துளசி விதை கலந்து செய்தது. சட்டை வாங்கியவர் அட்டையைத் தொட்டியில் புதைத்தால் செடி வரும். ஒவ்வொரு தடவையும் விதை முளைக்கிறதா என்று சோதித்துச் சர்டிஃபிகேட் கொடுத்த பிறகுதான் மேடம் சரக்கை ஒப்புக்கொள்வார். அந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

ஐப்பசி மழையில், சரக்கு வைத்திருந்த எங்கள் சிங்கப்பெருமாள்கோவில் கோடவுன் பத்து நாள் ஒழுகியது. மழை விட்டதும் வரதன் விதை அட்டைப் பெட்டி ஒன்றைத் திறந்தார். உள்ளே பச்சைப் பசேல். “இன்னாக்கா, சரக்க அனுப்பறதா, தண்ணி ஊத்தறதா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. பேக்கிங் பெண்கள் என் முகத்தையே பார்த்தார்கள். நனையாத பெட்டிகளைத் தனியே எடுக்கச் சொல்லிவிட்டு, முளைத்த அட்டை ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, நடந்ததைச் சொல்லிவிடுவதென்று மேடத்திடம் போனேன்.

மேடம் அந்த இரண்டு குட்டி இலைகளைக் குனிந்து பார்த்தார். போட்டோ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். அட்டை நிஜமாகவே முளைக்கிறதே என்று அங்கே ஏகப்பட்ட மகிழ்ச்சியாம். நனைந்ததற்குப் பதில் புதிதாகச் செய்ய அவகாசம் கிடைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நன்றி சொல்லி எழுந்தவளை மேடம் உட்கார வைத்தார்: “முளைக்கும்னு சர்டிஃபிகேட் கொடுத்தீங்க, சந்தோஷம். இனிமே, நாங்க சொல்ற வரைக்கும் முளைக்காதுன்னு ஒண்ணு வேணும்.”

பூமி பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. அதைக் காப்பாற்றுகிற சாக்கில் நாங்கள் பிழைத்துக்கொண்டோம்.