பாலத்து மேல நிக்கிற பாப்பா

அத்தை கடைசியாக இருந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குக் 'கேக்காதம்மா' என்று பெயர். கேலிக்கு வைத்ததில்லை, பாராட்டி வைத்தது. மற்றவர்கள் வெந்நீர் கேட்பார்கள், இன்னொரு தலையணை கேட்பார்கள், மகனுக்கு போன் போட்டுத் தரச் சொல்லி நச்சரிப்பார்கள். அத்தை எதையும் கேட்டதில்லை. சாயங்காலம் கூடத்தில் பாட்டு வைக்கும்போது, இல்லத்து வார்டனம்மா ஒவ்வொரு நாற்காலியாகப் போய், யாருக்கு எந்தப் பாட்டு வேண்டும் என்று விசாரிப்பார். ஒருவருக்குச் சோகப் பாட்டு, ஒருவருக்குக் காதல் பாட்டு. பழைய லாரி டிரைவர் ஒருவருக்குக் குத்துப் பாட்டு இல்லாவிட்டால் சோறு இறங்காது. அத்தையின் முறை வரும்போது அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள்:

"ஒண்ணும் கேக்கலம்மா."

தங்கமான மனுஷி, எதற்கும் ஆசைப்படாதவர் என்று வார்டனம்மா அடுத்த நாற்காலிக்குப் போய்விடுவார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாவாடை தாவணி வயதில் தறி ஆலைக்குள் போனவள், தலை நரைத்த பிறகுதான் வெளியே வந்தாள். இல்லத்துக்குப் போகும்வரை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். என்னைப் 'பாப்பா' என்று கூப்பிடுவாள். என் மகளுக்குக் கல்யாணமான பிறகும் நான் அவளுக்குப் பாப்பாதான்.

சிறுமியாக இருந்தபோது ஒருநாள் சாப்பாடு கொடுக்க ஆலைக்குப் போயிருக்கிறேன். வாசலைத் தாண்டியதும் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. வரிசை வரிசையாகத் தறிகள்; ஒவ்வொன்றிலும் நூல் சுற்றிய நாடாக் கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே பேச்சு எடுபடாது. ஆனாலும் எல்லாப் பெண்களும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், உதட்டைப் பார்த்து. இழை அறுந்தது, மேஸ்திரி வருகிறான், இவள் மாமியார் நேற்று என்ன சொன்னாள், எல்லாம் உதட்டிலேயே ஓடியது. பாடவும் செய்தார்கள். யாராவது ஒருத்தி வெளியே கேட்ட பாட்டைக் கொண்டுவருவாள். அடுத்த தறிக்காரி அவள் வாயைப் பார்த்துப் படிப்பாள், அவளைப் பார்த்து அடுத்தவள். பாடுகிறவளுக்கே தன் குரல் கேட்காது. "சத்தமாப் பாடு" என்றால் அந்தக் கூடத்தில் வாயை நன்றாகத் திற என்று அர்த்தம்.

ஆலை அத்தையின் காதை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டது. வீட்டில் நாங்கள் அவளுக்கு முன்னால் போய் நின்று, முகத்தைக் காட்டிப் பேசுவோம். அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததில்லை. அத்தையிடம் பேசுவது என்றால் அப்படித்தான். இல்லத்திலும் எல்லோரும் எதிரே வந்து நின்று பேசியதால் அவள் தடங்கல் இல்லாமல் பதில் சொல்லியிருக்கிறாள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒருநாள் வார்டனம்மா என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். கூடத்துக்கு நேரே இருக்கும் ஜன்னல் அறைகள், பாட்டிலும் விளையாட்டிலும் கலந்துகொள்கிறவர்களுக்கு என்று வைத்தவை. அத்தையோ பாட்டு ஓடும்போதெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். மாதம் ஒருமுறை வரும் மெல்லிசைக் குழு பாடும்போதும் அப்படித்தான். எதிலும் பிடிப்பில்லாதவர்களைப் பின்கட்டுக்கு மாற்றுவது வழக்கம் என்றார். பின்கட்டை நான் பார்த்திருக்கிறேன். சுத்தமான இடம்தான். ஆனால் அங்கே படுத்திருப்பவர்கள் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பார்க்க ஒரு உதடும் அசையாத இடத்தில் அத்தையைப் படுக்கவைத்தால் அவளுக்கு உலகம் அன்றோடு மூடிவிடும்.

"நாங்களும் கேட்டுப் பாத்துட்டோம்மா. என்ன பாட்டு வேணும்னா, ஒண்ணும் கேக்கலம்மாங்கறாங்க. ஆசை விட்டுப் போச்சு போல."

அவர் அத்தை மாதிரியே சொல்லிக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மேடம், எதுவும் வேணாம்னு அவங்க சொல்லல. காதுல விழலன்னு சொல்லியிருக்காங்க."

 எத்தனை மாசமா, என்று வார்டனம்மா தனக்குத்தானே சொன்னார். நல்லவர். மறுநாளே காது டாக்டரிடம் அழைத்துப் போனார். கருவி பொருத்தியதும் அத்தை முகத்தைச் சுளித்தாள். தறி மறுபடியும் ஓடுகிறது என்று கழற்றி டப்பாவில் வைத்தாள். அதைத் திரும்ப எடுக்கவேயில்லை. ஆனால் காது கேட்காது என்று தெரிந்துவிட்டதால் பின்கட்டுக்கு மாற்றுவதற்குக் காரணம் இன்னும் வலுத்துவிட்டது. கேட்காதவருக்குக் கூடத்தில் என்ன வேலை என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள் என்றார் வார்டனம்மா. அடுத்த கச்சேரி வரை பொறுக்கச் சொல்லி நான் கெஞ்சினேன்.

கச்சேரி அன்று அத்தையை முதல் வரிசையில் உட்காரவைத்தேன். பாடகர் வழக்கம்போல மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்திருந்தார். அத்தைக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கறுப்பு உருண்டையும் மீசையும்தான். இரண்டு பாட்டு முடிந்ததும் நான் எழுந்துபோய், ஒரே ஒரு பாட்டை மைக் இல்லாமல் அத்தை முகத்துக்கு நேரே பாட முடியுமா என்று கேட்டேன்.

"மைக் இல்லாமலா? சட்டையக் கழட்டச் சொல்ற மாதிரி இருக்கேக்கா," என்றார். ஆனால் மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்து, அத்தைக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தார். என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டார்.

"பாலத்துப் பாப்பா," என்றாள் அத்தை.

அப்படி ஒரு பாட்டு இல்லையே என்று அவர் விழித்தார். அத்தை தானே ஆரம்பித்தாள். ஆலையில் பாடிய குரல். கூடமே அதிர்ந்தது.

"பாலத்து மேல நிக்கிற பாப்பா, பொழுது சாயுது வந்திடு பாப்பா..."

லாரி டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். பாடகருக்கும் பாட்டு பிடிபட்டுவிட்டது. அந்த இல்லத்தில் இருப்பவர்களின் இளமையில் ஊரெல்லாம் ஒலித்த காதல் பாட்டு.

"அம்மா, அது பாப்பா இல்ல. மாமா."

அத்தை அவர் உதட்டைக் கவனமாகப் பார்த்தாள்.

"அதத்தானே நானும் பாடுறேன்? பாப்பா."

"பாப்பா இல்லம்மா! மா-மா!"

"நீ என்னப்பா, சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்க?"

கூடம் முழுவதும் சிரித்தது. நான் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்ப்பது போல இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறந்தது. அந்தத் தறிக்கூடத்தில் யாரோ ஒருத்தி மாமாவைக் கூப்பிட்டுப் பாடியதை, அத்தை ஒரு குழந்தையைக் கூப்பிடுவதாகப் படித்துக்கொண்டு இத்தனை காலமும் பாடியிருக்கிறாள். பாலத்தில் தனியாக நிற்கும் குழந்தை. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வரச் சொல்லி ஒரு பாட்டு.

பாடகர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அத்தையின் கையைத் தன் முட்டிமேல் வைத்துத் தாளம் தட்டிக்கொண்டு, அவள் பாடியபடியே, பாப்பா என்றே முழுப் பாட்டையும் பாடினார். அத்தை ஒரு சொல் பிந்தாமல் கூடவே வந்தாள். முடிந்தபோது லாரி டிரைவர் இன்னொருமுறை பாடச் சொன்னார்.

அத்தை ஜன்னல் அறையிலேயே இருந்தாள். அதற்குப் பிறகு அந்தக் குழு வரும்போதெல்லாம் மைக் பாடகரின் நெஞ்சளவில் ஒரு கம்பியில் நிற்கும். சாயங்காலப் பாட்டுக்கு யாராவது ஒருவர் அத்தைக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து வாயசைப்பார்கள். பெரும்பாலும் லாரி டிரைவர்தான். பல் செட்டைக் கழற்றிவிட்டு வந்தால் ஒன்றும் புரியவில்லை என்று அத்தை அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

போன மாதம் அத்தை படுத்துவிட்டாள். கடைசி நாட்களில் அவள் அறையிலேயே இருந்தேன். ஒரு மதியம், அதே அறையில் பக்கத்துக் கட்டிலில் இருந்த மூதாட்டி அப்போதுதான் வலி அடங்கிக் கண்ணயர்ந்திருந்தார். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன கேட்கிறாள் என்று தெரிந்தது. அந்த மூதாட்டி விழித்துவிடக் கூடாதே என்று, குரல் எடுக்காமல் வெறும் உதட்டால் பாலத்துப் பாட்டைப் பாடினேன். அழுகையை அடக்கிக்கொண்டு பாடியதால் உதடு சரியாகப் பிரியவில்லை. அத்தையின் கை போர்வைக்குள்ளிருந்து வந்து என் முகவாயைத் தொட்டது.

"சத்தமாப் பாடு, பாப்பா."

நான் வாயை நன்றாகத் திறந்தேன்.