வெள்ளையன் மஞ்சளான கதை

என் அக்காவுக்கு மனிதர்களைவிட பஸ்கள் மேல் நம்பிக்கை அதிகம். பஸ்களைவிட ஒரு நட்சத்திரத்தின் மேல். முப்பத்தொரு வருஷம் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு நிமிஷம் தாமதமாக வந்த டிரைவரை ஒன்றும் சொல்ல மாட்டாள், சும்மா ஒரு பார்வை பார்ப்பாள். மறுநாள் அவர் பத்து நிமிஷம் முன்னாடியே வந்து நிற்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடி அறை அவளுக்கு, கீழே எனக்கும் என் தையல் கடைக்கும்.

இருட்டியதும் மொட்டை மாடிக்குப் போய்த் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தினமும் முதலில் தேடுவது, வெறும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற ஒரு வெள்ளை நட்சத்திரத்தை. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, பட்டியலில் ஒரு எண் மட்டும்தான். அக்கா வெள்ளையன் என்று பெயர் வைத்திருந்தாள்.

இத்தனூண்டு புள்ளியில் என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பிடித்துக்கொண்டாள். தூரத்தில் இருப்பதால்தான் மங்கலாம். கிட்டே போனால் நம் சூரியனைப் போல இரண்டு மடங்கு அகலம், இருபத்தைந்து மடங்கு வெளிச்சம். மேற்பரப்பில் ஒன்பதாயிரம் டிகிரி சூடு, அதனால்தான் அந்த வெள்ளை. சூரியன் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்ற இருபத்தைந்து நாள் எடுக்கும், வெள்ளையனுக்கு ஒரு முழு நாள்கூட வேண்டாம். இன்றைக்கு நாம் பார்ப்பது முன்னூறு வருஷத்துக்கு முன்னால் கிளம்பிய ஒளி. முதன்மை வரிசை நட்சத்திரமாம். அதாவது வயிற்றுக்குள் ஹைட்ரஜனை எரித்து ஹீலியமாக்கிக்கொண்டு, கோடிக்கணக்கான வருஷம் ஒரே சீராக வேலை பார்க்கிற ரகம்.

"நம்ம டிப்போல அப்படி ஒரு டிரைவர் இருந்ததில்லடி" என்றாள்.

வெள்ளையனுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். வெளிச்சம் ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும். அதற்குப் பெயர் குடிகாரன். குடிகாரன் எவ்வளவு ஏறினான், எவ்வளவு இறங்கினான் என்று சொல்ல, மாறாத ஒருவனோடு ஒப்பிட வேண்டுமே, அதற்குத்தான் வெள்ளையன். இருபத்திரண்டு வருஷம் அப்படி ஒப்பிட்டு எழுதி, நட்சத்திரம் பார்க்கிறவர்களின் சங்கத்துக்கு மாதாமாதம் அனுப்பியிருக்கிறாள். யாரும் கைதட்டியதில்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை.

போன வருஷம் அவள் முகம் தொங்கிப்போனது. வெள்ளையன் மஞ்சளாகத் தெரிகிறானாம், கொஞ்சம் மங்கியும் இருக்கிறானாம். தொலைநோக்கியின் லென்ஸைத் துடைத்தாள், கழற்றி மாட்டினாள், மறுபடியும் துடைத்தாள். மூன்று மாதம் பார்த்துவிட்டு, ஒரு மத்தியானம் என் கையில் ஒரு கவரைக் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னாள். நான் அனுப்பிய அத்தனை குறிப்புகளையும் நீக்கிவிடுங்கள் என்று சங்கத்துக்கு எழுதியிருந்தாள்.

"அளவுகோலே கோணலாயிடுச்சுடி. இருபத்திரண்டு வருஷமா நான் எழுதினது எதையும் இனிமே நம்ப முடியாது."

நட்சத்திரத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும், ஆறுதல் சொல்ல?

சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, கடையில் தைத்து வைத்திருந்த டாக்டர் கோட்டுகளுக்குப் பட்டன் தைக்க உட்கார்ந்தாள். ஆறு வெள்ளைக் கோட்டு. ஆறுக்கும் சந்தன நிற நூலால் தைத்து வைத்திருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, கத்திவிட்டேன். வெள்ளை நூல்தானே எடுத்தேன் என்று அவள் சாதித்தாள். இரண்டு நூல்கண்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினேன். இரண்டும் ஒன்றுதானே என்றாள். தெருமுனையில் பஸ் திரும்பும்போதே நம்பர் சொல்கிறவள்! நூல்கண்டுகளைக் கீழே வைத்துவிட்டேன்.

"அக்கா, நட்சத்திரம் வேணா மாறும். என் நூல் எப்படி மாறும்?"

நான் இன்னும் தபாலில் போடாத அந்தக் கவரைக் கடை டிராயரில், கத்தரிக்கோலுக்கு அடியில் போட்டுவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. கண்ணுக்குள்ளே இருக்கிற லென்ஸ் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகியிருக்கிறது, அதனால் அவளுக்கே தெரியவில்லை என்றார். மகராசி, தொலைநோக்கியைத் துடைத்த துடைப்பில் பாதியைத் தன் கண்ணின் மேல் காட்டியிருக்கலாம். முதலில் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது.

டாக்டர் அனுமதி கொடுத்த அன்றே மாடி ஏறினாள். துணைக்கு நானும் போனேன். வலது கண்ணை வைத்துப் பார்த்தாள். அப்புறம் இடது கண். மறுபடி வலது. பார்த்தால், அழுகிறாள். ஓய்வு பெற்ற அன்றைக்குக்கூட அழாதவள்.

"வெள்ளையாத்தான்டி இருக்கான். அவன் அப்படியேதான் இருக்கான்." கண்ணைத் துடைக்கப் போனவள் அப்படியே நின்றாள். "ஐயோ, லெட்டர் போயிருக்குமே."

நான் கீழே இறங்கிப் போய்க் கவரை எடுத்துவந்து நீட்டினேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அடுத்தவர் கடிதத்தை அமுக்கி வைப்பது குற்றம் என்று டிப்போ குரலில் ஆரம்பித்தாள். பாதியில் என் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இவளுக்காக நான் எந்தக் குற்றமும் செய்வேன்.

மறுநாள் வேறு கடிதம் எழுதினாள். என் கண் எப்போது கெட ஆரம்பித்தது என்று தெரியாது, ஆகவே கடைசி ஐந்து வருஷத்துக் குறிப்புகளை மட்டும் நீக்குங்கள் என்று. மூன்று போதாதா என்று கேட்டேன். அந்தப் பழைய பார்வையைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டேன். பதினேழு வருஷம் பிழைத்தது.

கவரை நீட்டினவள், நான் வாங்குவதற்குள் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"உன்னை நம்ப முடியாது. நானும் வரேன்."

தபால் பெட்டி வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கடிதம் உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகும் விடவில்லை.