பதினொரு தகடுகள்

திருச்செங்கோட்டிலிருந்து ராசிபுரம் போகும் சாலையோரத்தில் குழந்தைவேல் மோட்டாருக்குச் செப்புக் கம்பிச் சுருளான காயில் கட்டும் பட்டறை போட்டது எழுபத்து மூன்றாம் வருஷம். செவ்வாய்ப்பேட்டையில் ஆறு வருஷம் வேலை பழகியவர். கம்பியின் கனத்தில் இம்மி குறைக்க மாட்டார். அவர் கட்டிய காயில் லேசில் புகையாது என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு. அந்த நல்ல பெயர்தான் பக்கத்து விவசாயி சின்னண்ணனை அவரிடம் கூட்டிவந்தது.

எண்பதுகளின் நடுவில் கிணற்று மோட்டாருக்கு யூனிட் கணக்குப் போய், குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று கட்டணம் வந்திருந்தது. மோட்டாரின் மேல் அறைந்திருக்கும் தகட்டில் என்ன எண்ணோ அதுதான் கணக்கு. சின்னண்ணன் புதிதாக வாங்கியிருந்ததோ ஏழரைக் குதிரை மோட்டார்.

"தகட்ட மட்டும் மாத்தி அஞ்சுன்னு அடிச்சுக் குடுத்துரு மாப்பிள்ள."

"கம்பெனில சோதிச்சு முத்திரை போட்டு அனுப்பறதுங்க மாமா. அதுல கைவெக்கக் கூடாதுங்க."

"மோட்டாரா வாயத் தொறந்து சொல்லப்போவுது?"

குழந்தைவேல் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. அலுமினியத் தகட்டில் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டி, தர முத்திரையையும் அச்சுப் பிசகாமல் பதித்தார். வேலை அவ்வளவு சுத்தமாக வந்ததில் அன்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அடுத்த கோடைக்குள் அதே டிரான்ஸ்பார்மரில் ஓடிய பதினொரு மோட்டார்களுக்கு அவருடைய கள்ளத் தகடு ஏறிவிட்டது.

அந்த லைனின் கடைசிக் கம்பத்தில் மாரக்காளின் கிணறு. புருஷன் இல்லாதவள். மூன்று குதிரை மோட்டார், ஒன்றரை ஏக்கர் கரும்புக் காடு. சித்திரை பிறந்ததும் மோட்டாரை மாட்டுவண்டியில் ஏற்றி வந்தாள். காயில் கரிந்திருந்தது. கட்டிக் கொடுத்தார். இருபது நாளில் மறுபடி வந்தாள். வைகாசிக் கடைசியில் மூன்றாம் முறை.

"தம்பி, நான் பட்டன அமுக்கறதுல எதாச்சும் தப்புப் பண்றனுங்களா? பொம்பள கைபட்டா மோட்டாரு நிக்குமான்னு எங் கொழுந்தனாரு கேக்கறாருங்க."

"வோல்டேஜ் கம்மிங்கக்கா. அதான் காயில் கரியுதுங்க."

அது பொய்யில்லை. ஏன் கம்மி என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் கரிந்த கம்பியை வெட்டி எடுக்கும்போது வந்த நாற்றம் மத்தியானச் சோற்றிலும் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் மோட்டாரைத் தானே கொண்டுபோய் மாட்டினார். வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தார். நானூறைத் தாண்ட வேண்டிய முள் முந்நூற்றுப் பத்தில் நடுங்கியது. லைனில் மேலே இருந்த பதினொரு மோட்டார்கள், டிரான்ஸ்பார்மர் தாங்காத அளவுக்கு, தகட்டில் இல்லாத பலத்தை இழுத்துக்கொண்டிருந்தன. வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. கரும்பு தோகையோடு காய்ந்து சலசலத்தது.

அங்கிருந்து நேரே சின்னண்ணனிடம் போனார். "பழைய தகட்டையே மாட்டிருங்க மாமா. அந்தக்கா காடு காயுதுங்க."

"அடிச்சது யாரு கையி? அத நெனச்சுப் பாத்துட்டு வந்து பேசு."

நினைத்துப் பார்க்க என்ன இருந்தது? இரண்டு நாள் பட்டறையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மாரக்காளின் கிணற்றடிக்குப் போய்ச் சொன்னார்.

"உங்க மோட்டாரு எரிஞ்சதுக்கு நாந்தானுங்கக்கா காரணம்." தகடு அடித்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அவள் முழுக்கக் கேட்டாள். "அப்ப எங் கையில கோளாறு இல்லீங்களா?"

"இல்லீங்கக்கா."

"சாமி கும்புடாம அந்தப் பட்டனத் தொட்டதில்லீங்க தம்பி நானு."

சொல்லிவிட்டு அவள் காய்ந்த தோகையை மாட்டுக்கு அரியக் குனிந்தாள்.

அன்றே மின்சார ஆபீசில் பதினொரு மோட்டார்களையும் எழுதிக் கொடுத்தார். தகடு அடித்தவன் என்று முதல் வரியில் தன் பெயரை எழுதினார். ஆட்கள் வந்து அளந்தார்கள். பெரிய டிரான்ஸ்பார்மர் வர ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் மாரக்காள் கரும்பை அழித்துச் சோளம் விதைத்திருந்தாள். மோட்டார் அடுத்துப் பழுதானபோது அதைத் திருச்செங்கோட்டுக்குக் கொண்டுபோனாள். மற்றவர்களும் பட்டறைப் பக்கம் வரவில்லை. குழந்தைவேல் பூட்டிவிட்டுக் குமாரபாளையத்தில் விசைத்தறி மோட்டார் பார்க்கப் போய்விட்டார்.

எண்பத்தொன்பதில் திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தார்.

"நல்லாருக்கீங்களா தம்பி?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"இருக்கறனுங்கக்கா."

காடு எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை. குமாரபாளையம் பஸ் வந்தது. உட்கார இடமில்லாவிட்டாலும் அதிலேயே ஏறிக்கொண்டார்.